எங்கள் ஸ்கொட்லாந்துப் பாட்டுக்குழு

எண்பதுகளின் நடுவில், ஆர்ச்வேயில் இருந்த ஒரு தாதியர் விடுதியில் எனக்கு அறை கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தாதிப் படிப்பைத் தொடங்கியிருந்த நேரம். கொண்டுவந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்குள் உடுப்பு, மற்றதற்குள் வயலின். சின்ன வயதிலிருந்து கூடவே இருந்த ஒன்றை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. விடுதிச் சுவர்களோ வெறும் பலகை. ஒருத்தி தும்மினால் அடுத்த அறைக்காரி வாழ்த்துச் சொல்லுவாள். ஆகவே வயலினின் தந்திகளைத் தாங்கும் குதிரையில் உடுப்புக் கொடிக் கிளிப் ஒன்றை மாட்டிச் சத்தத்தை அடக்கிவிட்டு, கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே தரையில் சம்மணமிட்டு இருந்து வாசிப்பேன்.

பக்கத்து அறைக்காரி ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஒரு தீவிலிருந்து வந்தவள். எனக்கு ஒரு வகுப்பு முன்னால் படித்தாள். செம்பட்டை முடி, நல்ல உயரம். படியிறங்கும்போது இரண்டிரண்டு படியாகத் தாவித்தான் இறங்குவாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாகப் பாடுவாள். அந்தப் பாட்டில் ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இருக்காது. நான் துவாயோடு வெளியே நின்று, என் முறைக்காகக் காத்திருப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு கேட்பேன்.

ஒரு நாள் பின்னேரம் அவள் என் கதவைத் தட்டினாள்.

"நீரோ வாசிக்கிறது?"

சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன்.

"சத்தம் காணாது எண்டு சொல்ல வந்தனான். உந்தக் கிளிப்பைக் கழட்டும்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவளும் இந்தக் கதையில் வரும் மற்ற ஸ்கொட்லாந்துக்காரரும் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். ஆனால் அவர்கள் சொன்னதெல்லாம் எனக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் பதிந்து கிடக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கும் அந்த ஒரேயொரு 'யூ' முதலில் எனக்கு 'நீர்' என்று கேட்டது. குளிர்காலம் முடிவதற்குள் அது 'நீ' ஆகிவிட்டது. கேட்டபடியே எழுதுகிறேன்.

அன்று கிளிப்பைக் கழற்றினேன். அவள் கட்டிலில் இருந்து தன் தீவுப் பாட்டொன்றைப் பாடினாள். அது கேலிக் மொழியாம். வீட்டில் அதுதான் பேச்சு, பள்ளிக்கூடம் போன பிறகுதான் ஆங்கிலம். கம்பளித் துணியை நெய்தவுடன் நனைத்து, பெண்கள் மேசையைச் சுற்றி இருந்து அடித்து அடித்து இறுக்குவார்களாம். அப்போது பாடும் பாட்டு. ஒருத்தி ஒரு வரி பாட, மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடுவார்கள். நான் இரண்டு தரம் கேட்டுவிட்டு வயலினில் பிடித்தேன். ஸ ரி க ப த. ஐந்தே சுரம். அச்சு அசல் மோகன ராகம்.

"உமக்கு இந்தப் பாட்டு முதலே தெரியுமோ?" என்று அவள் வாயைப் பிளந்தாள்.

"பாட்டுத் தெரியாது. ஆனா இதின்ர வீட்டுக்காரரைத் தெரியும்" என்றேன்.

அவளுக்கு ஓர் அண்ணன். கட்டட வேலைகளில் தச்சராக இருந்தார். கோலியர்ஸ் வுட்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். கதவால் குனிந்து வரும் அளவுக்கு உயரம், ஆனால் ஒரு வசனம் பேசுவதற்குள் முகம் சிவந்துவிடும். அவர் அக்கார்டியன் வாசிப்பார். அந்தப் பெட்டியை நெஞ்சோடு கட்டிவிட்டால் போதும், கூச்சமெல்லாம் எங்கோ போய்விடும். வீட்டுக்காரரிடம் பழகிய பழக்கத்தில் ஆம் என்பதற்கு 'ஓம்' என்பார். நான் அவரை 'அண்ணை' என்று கூப்பிடப்போக, அவருடைய தங்கையும் அப்படியே கூப்பிடத் தொடங்கினாள். பிறகு உலகத்துக்கே அவர் அண்ணை ஆகிவிட்டார்.

மூன்றாமவன் கிளாஸ்கோவிலிருந்து வந்த கிட்டார்காரன். கவுன்சில் அலுவலகத்தில், வீடு கேட்டு வருபவர்களுக்கு வீடு இல்லை என்று சொல்லும் வேலை. அந்த வேலையை வெறுத்தான். கறுப்புத் தோல் ஜாக்கெட்டைக் கோடையிலும் கழற்றமாட்டான். ரேடியோவில் போகும் பொப் பாட்டுகளைப்போலவே கிராமத்துப் பாட்டுகளும் ஆட்களை ஆடவைக்க வேண்டும் என்பது அவனுடைய நம்பிக்கை. துணி அடிக்கும் பாட்டுக்கு அவன் கிட்டாரைத் தட்டித் தட்டி வாசித்தால் கால் தானாகவே ஆடும். அவள் அவனைக் காதலித்தாள். அது எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

அவர்கள் மூவரும் இன்னொரு வயலின்காரரும் ஞாயிறு மத்தியானங்களில் ஆர்ச்வேயில் ஒரு பப்பின் பின்மண்டபத்தில் வாசித்து வந்தார்கள். வயலின்காரருக்கு வடகடலில் எண்ணெய்க் கிணற்று வேலை கிடைத்து, ஒரு கிழமைக்குள் போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கு ஆள் இல்லை.

"நீ வா" என்றாள் அவள்.

"எனக்கு நிண்டு வாசிக்க ஏலாது. நாடிக்குக் கீழ வைச்சுப் பழக்கமில்லை. எங்கட முறையில வயலின்ர தலை காலிலதான் இருக்கும்."

"அப்ப இருந்து வாசி. ஆர் வேண்டாம் எண்டது?"

அண்ணை சனிக்கிழமை முழுக்கத் தட்டி, எனக்காக ஒரு சின்ன மேடை செய்தார். இடுப்பு உயரத்தில் நாலு கால், மேலே வழவழவென்று சீவிய பலகை. அதன்மேல் அவர் தன் கட்டில் போர்வையை விரித்தார். ஞாயிறு மத்தியானம், பஞ்சாபி உடுப்பில், பியர் மணக்கும் அந்த மண்டபத்தில், பலகைமேல் ஏறிச் சம்மணமிட்டு இருந்தேன். முதல் பாட்டு முடியும்வரை நான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டாவது பாட்டில் துணி அடிக்கும் தாளம் வந்ததும் பயம் போய்விட்டது. அவள் பாடும் வரிக்கு ஒரு வளைவு, அண்ணையின் பெட்டிக்கு ஒரு வளைவு என்று விரலை இழுத்து இழுத்து வாசித்தேன். அவர்கள் சுரத்துக்குச் சுரம் தாவிப் போவார்கள். நான் வழுக்கிப் போனேன்.

இடைவேளையில் முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் அண்ணையிடம் மெல்லக் கேட்டாராம்: "பாவம், அந்தப் பிள்ளைக்குக் கால் ஏலாதோ?"

அண்ணை முகம் சிவந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் "ஓம்" என்றுவிட்டார். அந்தக் கதை மேசைக்கு மேசை போய்விட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் நான் பலகையிலிருந்து குதித்து இறங்கிக் கும்பிட்டேன். மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அந்த முதியவரின் கண்ணில் தண்ணீர். எனக்கு அந்தக் கைதட்டலின் உண்மைக் காரணம் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவந்தது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் வராதபடி மற்ற தாதிமாரோடு மாற்றிக்கொள்வது என் வழக்கமானது. காலையில் முருகன் கோயில், மத்தியானம் பப். இரண்டுக்கும் நடக்கிற தூரம்தான். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது நெற்றித் திருநீற்றை அழிப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டே போவேன். ஒருநாள் அழிக்க மறந்துபோனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

ஆனால் கோயில் பக்கம் கதை போயிருந்தது. அங்கே பழக்கமான ஓர் அக்கா எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அப்டன் பார்க்கில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். "நல்ல பெடியன். ஆனா நீர் பப்பில வயலின் வாசிக்கிற கதை அவையின்ர காதுக்குப் போயிட்டுது. இனி என்ன சொல்லுவினமோ தெரியாது" என்று அக்கா கவலைப்பட்டார். எனக்கும் கொஞ்சம் கவலைதான்.

அடுத்த ஞாயிறு பின்மண்டபத்தில் ஒரு தமிழர், கையில் ஒரேஞ் ஜூசோடு, கதவுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். இஸ்திரி போட்ட சேர்ட். கடைசிவரை அசையவில்லை. நிகழ்ச்சி முடிந்து நான் வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கிட்டவந்து, தான்தான் அந்த அப்டன் பார்க் கடைக்காரர் என்று சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"நீங்கள் கடைசியா வாசிச்சது மோகனம்தானே?"

"ஓம்."

"நடுவில மத்திமம் வந்திட்டுது. அது மோகனத்தில வராது."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "அது அவையின்ர பாட்டு. அதில மத்திமம் இருக்கு. அவைக்கு அது பிழையில்லை."

"பிழை எண்டு நான் சொல்லேல்லை" என்றார் அவசரமாக. "வடிவா இருந்தது. அதான் கேட்டனான்."

பப்பில் வாசிப்பது பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கு அடுத்த ஞாயிறு, அண்ணைக்குப் பக்கத்தில் இருந்து அக்கார்டியனின் துருத்தியை மடித்து மூடக் கற்றுக்கொண்டிருந்தார். தை பிறந்ததும் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.

அவரோடு கூடவே குழுவுக்கு ஒரு வேனும் கிடைத்தது. விடியற்காலையில் சந்தைக்குப் போய் முருங்கைக்காயும் வாழைக்காயும் கருவாடும் ஏற்றிவரும் வெள்ளை வேன். ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவி, ஊதுபத்தி கொளுத்தி, ஒலிபெருக்கிகளை ஏற்றுவார். என்ன கழுவியும் கருவாட்டு வாசம் போகாது. கிட்டார்காரனின் தோல் ஜாக்கெட்டில் அது நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. பிரிஸ்டல், லீட்ஸ், ஒருதரம் கிளாஸ்கோவரைகூட அந்த வேனில் போனோம். கிளாஸ்கோ மண்டபத்தில் பின்வரிசைப் பெடியன்கள் "அண்ணை! அண்ணை!" என்று கத்தினார்கள். அது ஏதோ பழைய தீவுப் பெயர் என்று நினைத்திருப்பார்கள்.

ஒத்திகை கடையின் பின்னறையில் நடக்கும். அரிசி மூட்டைகளை நாலு பக்கமும் அடுக்கியிருந்ததால் சத்தம் வெளியே போகாது. நாங்கள் கூப்பிடாத ஒரு மாற்றம் அங்கேதான் எங்களைத் தேடி வந்தது.

தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. ஓர் இசைத்தட்டுக் கம்பனிக்காரர் பப்பில் எங்களைக் கேட்டுவிட்டு, ஒரு தட்டு வெளியிடலாம் என்றார். மென்மையாகப் பேசுகிற மனிதர். ஆனால் தாளத்துக்கு மெஷின் வேண்டும், பாட்டு ஆங்கிலத்தில் வேண்டும் என்றார். கிட்டார்காரன் அடுத்த வாரமே தாள மெஷினோடு வந்தான். பொத்தானை அழுத்தியதும் அது டக் டக் என்று அடிக்கத் தொடங்கியது. அண்ணை அதோடு சேர்ந்து வாசிக்கப் பார்த்தார். அவர் பெட்டி மூச்சு விடுகிற பெட்டி. வரியின் கடைசியில் கொஞ்சம் நின்று, காற்றை இழுத்துக்கொண்டுதான் கிளம்பும். மெஷின் அவருக்காக நிற்கவில்லை. மூன்று தரம் முயன்றுவிட்டு, அவர் எழுந்துபோய் ஒரு பருப்புச் சாக்கைத் தூக்கி மெஷினின்மேல் வைத்தார். சத்தம் அமுங்கிவிட்டது.

"என்ன செய்யிறியள்?" என்று கத்தினான் கிட்டார்காரன்.

"அதுக்கு மூச்சு இல்லை" என்றார் அண்ணை. "மூச்சு இல்லாததோட நான் வாசிக்கமாட்டன்."

"சரி, மெஷினை விடுங்கோ. பாஷைக்கு என்ன செய்யிறது? விளங்காத பாட்டை ஆக்கள் எத்தினை நாளைக்குக் கேப்பினம்?"

பாடகி அதுவரை மூட்டையொன்றின்மேல் இருந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் அவன் பக்கம் திரும்பி, மிக மெதுவாகச் சொன்னாள்: "நீ என்ர பாட்டை முதல் கேட்டது விளங்கியோ?"

அந்த நேரம் பார்த்து என் கணவர் தட்டில் தேத்தண்ணியோடு உள்ளே வந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் தட்டை மூட்டைமேல் வைத்துவிட்டு, "நானும் ஒரு சொல்லும் விளங்காமத்தான் கேக்க வந்தனான். எனக்கு மனிசியே கிடைச்சது" என்றார்.

முதலில் சிரித்தது கிட்டார்காரன்தான். அன்று தேத்தண்ணி முடிவதற்குள் ஒரு வழி பிறந்தது. அவள் பாடும் தனி வரிகள் ஆங்கிலத்தில், எல்லோரும் சேர்ந்து பாடும் பதில் வரிகள் தீவுப் பாஷையில். மெஷினுக்குப் பதிலாகக் கிட்டார்காரன் காலால் மிதித்து அடிக்கும் ஒரு பெரிய டிரம்மை வைத்துக்கொண்டு வாசித்தான். தொடக்கத்தில் என் வயலின் தனியாக, பத்துப் பன்னிரண்டு சுரம், மோகனத்தில் ஒரு சின்ன ஆலாபனை. கம்பனிக்காரர் தலையைச் சொறிந்தார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

பாட்டு வெளிவந்த கொஞ்ச நாளில், வார்டில் ஒரு பெண்மணியின் காயத்துக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய தலைமாட்டு ரேடியோவில் அது வந்தது. என் கை நின்றுவிட்டது.

"நல்ல பாட்டு, என்ன?" என்றார் அவர். "வயலின்தான் பூனை கத்துறமாதிரிக் கிடக்கு. ஆனா கேக்கக் கேக்கப் பிடிக்குது."

"ஓம், எனக்கும் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுக் கட்டை முடித்தேன். நான்தான் அந்தப் பூனை என்று சொல்ல வாய்வரை வந்தது. பிறகு வேண்டாமென்று விட்டேன். கேட்டதைத் தாள முடியாமல் மருந்து அறைக்குள் போய் நின்று ஒரு பாட்டம் சிரித்தேன்.

பாட்டு ஓடியதால் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது. ஆண்கள் இருவரும் கட்டம் போட்ட கில்ட் பாவாடை கட்ட வேண்டும் என்றார் கம்பனிக்காரர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு என் பக்கம் பார்க்காமல் பேசினார். ஸ்கொட்லாந்துக் குழுவென்று சொல்லிவிட்டு ஓர் இந்தியப் பெண்ணைக் காட்டினால் பார்ப்பவர்கள் குழம்புவார்கள். மற்றவர்கள் நிற்க ஒருத்தி மட்டும் சம்மணமிட்டு இருந்தால் படத்துக்கும் எடுபடாது. அன்றைக்கு மட்டும் வேறொரு வயலின்காரர் நிற்கலாம். வாசிப்பது ஒலிநாடாவில் நானேதான், அதில் மாற்றம் இல்லை.

நான் இந்தியப் பெண் இல்லை என்று திருத்துவதா, வேறொருவர் என் வாசிப்புக்குக் கையை அசைப்பதைப் பார்ப்பதா என்று எனக்குள் ஒரு குழப்பம். கண் கலங்கியது. அதை மறைக்கக் குனிந்தேன்.

அண்ணைதான் எழுந்தார். முகம் தீயாகச் சிவந்திருந்தது. "அவ வராட்டி நானும் வரேல்லை" என்றார். அவர் அத்தனை பேருக்கு முன்னால் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"அவ கீழ இருந்தா வடிவில்லை எண்டால், நாங்கள் எல்லாரும் கீழ இருக்கிறம்" என்றாள் பாடகி.

கம்பனிக்காரர் சிரித்தார். அவள் பகிடி விடுகிறாள் என்று நினைத்துவிட்டார்.

படப்பிடிப்பு அன்று, விளக்குகள் எரிந்ததும், நாங்கள் நால்வரும் வழுவழுப்பான அந்தத் தரையில் போய்ச் சம்மணமிட்டு இருந்துவிட்டோம். கமெராக்காரர் பதறிப்போய் ஓடிவந்தார். கில்ட் கட்டிக்கொண்டு சம்மணமிட்டால் என்ன ஆகும் என்பது எங்களில் ஒருவருக்கும் முதலே தோன்றவில்லை. அண்ணை அக்கார்டியனை மடியில் இறக்கினார், கிட்டார்காரன் கிட்டாரைச் சரித்தான். தன் காலைத் தட்டித் தாளம் போட முடியாமல் பக்கத்தில் தரையை உள்ளங்கையால் அடித்தான். அதுவே துணி அடிக்கும் சத்தம்போல நன்றாக இருந்தது. எழும்பும்போது அண்ணையின் முழங்கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. என் கணவரும் நானும் ஆளுக்கொரு பக்கமாக அவரைத் தூக்கினோம். பிறகு எங்கே போனாலும் ஆட்கள் "தரையில் இருக்கிற அந்தக் குழு" என்றுதான் கேட்டார்கள். கம்பனிக்காரரும் அதுதான் விளம்பரம் என்று பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மூன்று வருடங்கள் எனக்கு வெளியிலிருந்து பார்த்தவையாகவே நினைவில் இருக்கின்றன. எனக்கு மகள் பிறந்தாள். குழுவுக்கு ஜெர்மனி, கனடா என்று பயணங்கள் வந்தன. கைக்குழந்தையோடும் வார்டு வேலையோடும் எனக்கு அது ஏலாது. யாரும் என்னைக் குழுவை விட்டுப் போகச் சொல்லவில்லை, நானாகவே சொன்னேன். விமான நிலையத்தில் பாடகி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்குப் பதிலாக ஷெட்லாந்திலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். கெட்டிக்காரி. நான் இழுத்து வாசிக்கும் இடங்களையெல்லாம் நின்றபடியே பிடித்துக்கொண்டாள். அவள் வாசிப்பை ரேடியோவில் முதல் தடவை கேட்டபோது பொறாமையில் ரேடியோவை அணைத்தேன். பிறகு மகள் அழவே மறுபடி போட்டேன். அந்தப் பாட்டுக்குத்தான் அவள் நித்திரை கொள்ளுவாள்.

குழு பெரிதாகிக்கொண்டு போனது. கீபோர்ட் வந்தது, மூன்று பேர் பின்னணி பாட வந்தார்கள். தரையில் இருப்பது போய், எல்லோரும் நின்றார்கள். கடைசித் தட்டில் தீவுப் பாஷையில் ஒரு வரிகூட இல்லை. அண்ணை கனடாவிலிருந்து திரும்பி வந்ததும், சத்தமில்லாமல் பழைய தச்சு வேலைக்கே போய்விட்டார். எங்கள் கடைக்கு முழு அலுமாரி வரிசையும் அவர் செய்ததுதான். கொஞ்சக் காலத்தில் பாடகியும் கிட்டார்காரனும் பிரிந்தார்கள். அதோடு குழு கலைந்தது. யார் பிழை என்று இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டையும் நம்பினேன்.

அவள் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கடைக்கு மேலேதான் வீடு. கொஞ்ச நாள் என்று வந்தவள் ஒரு வருடம் போல இருந்தாள். ஆஸ்பத்திரியில் மறுபடி தாதி வேலை எடுத்தாள். ஓய்வு நாளில் கடையில் நிற்பாள். பச்சை மிளகாயை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வாங்க வந்த மாமிமாரிடம் "வேற என்ன வேணும்?" என்று அவள் தமிழில் கேட்பதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். ஆனால் பாட்டு மட்டும் இல்லை. குளியலறையில்கூடப் பாடவில்லை. தொண்டையில் ஏதாவது பிரச்சினையோ என்று ஒருநாள் கேட்டேன்.

"தொண்டை நல்லாத்தான் இருக்கு" என்றாள். "வாயைத் திறந்தா அவன்ர கிட்டார்தான் கேக்குது."



இப்படி இருக்கையில் என் கணவரின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. அப்டன் பார்க்கிலேயே மண்டபம். என் கணவர் யாரிடமும் கேட்காமல் கிட்டார்காரனுக்கும் அழைப்புக் கொடுத்திருந்தார். அவன் அதே தோல் ஜாக்கெட்டில் வாசலில் வந்து நின்றபோது பாடகி சேலை கட்டிக்கொண்டு பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் பன்னீர்ச் செம்பை என் கையில் வைத்துவிட்டு நேரே சமையல் பக்கம் போய்விட்டாள்.

நான் கணவரிடம் பாய்ந்தேன். "ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"அவனும் எங்கட வேனில வந்தவன்தானே" என்றார் அவர்.

அதைப் பேசித் தீர்க்க நேரம் இருக்கவில்லை. மேளக்காரரின் வாகனம் நெடுஞ்சாலையில் பழுதாகி நின்றுவிட்டதென்று தொலைபேசி வந்தது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஐயர், தாலி கட்டும்போது மங்கல வாத்தியம் இல்லாமல் எப்படி என்று கையைப் பிசைந்தார். யாரோ காசெட் போடலாம் என்றார்கள். மண்டபத்துக் காசெட் பெட்டியோ நாடாவைத் தின்றுவிட்டது.

"அண்ணை" என்றேன். "பெட்டி எங்க?"

"உங்கட வீட்டில, மேல."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடினார். கடைவரை ஓடி, மேலே இருந்த அக்கார்டியனையும் என் வயலினையும் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். அதற்குள் கிட்டார்காரன் சமையல்கட்டில் நுழைந்து, சோறு ஆக்கிய பெரிய கிடாரமொன்றைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே பாடகி இருந்தாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பேசவேயில்லை என்றுதான் அங்கே வடை சுட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார். அவன் கிடாரத்தின் ஒரு காதைப் பிடித்தான், அவள் மற்றக் காதைப் பிடித்தாள், இருவருமாக அதை மணவறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்.

"ஐயர் கையைத் தூக்கினா என்ன வாசிக்கிறது?" என்று கேட்டார் அண்ணை.

"ஒரு பாட்டும் இல்லை. எல்லாரும் சேர்ந்து பெரிய சத்தம்" என்றேன்.

"அது எனக்கு ஏலும்" என்றான் கிட்டார்காரன்.

மணமகள் உள்ளே நடந்து வரும்போது நான் மோகனத்தில் தொடங்கினேன். அண்ணை பெட்டியில் சுருதி பிடித்தார். மணமகள் பாதி தூரம் வந்திருப்பாள். எனக்குப் பின்னாலிருந்து குரல் எழுந்தது. அவள்தான். துணி அடிக்கும் பாட்டு, தீவுப் பாஷையில், முழுதாக. முதல் வரியில் குரல் கரகரத்தது. இரண்டாம் வரியில் வழி கண்டுபிடித்துவிட்டது. பதில் வரி வந்தபோது கிட்டார்காரன் கிடாரத்தை உள்ளங்கையால் தட்டிக்கொண்டு தனியாகப் பாடினான், கண்ணை அவள் பக்கம் திருப்பாமல். மூன்றாவது தரம் அந்த வரி வந்தபோது முன்வரிசை மாமிமாரும் சேர்ந்துகொண்டார்கள். சொல் தெரியாது, ராகம் தெரியும். அழுதுகொண்டு வயலின் வாசிக்கலாம் என்பதை அன்று கண்டுகொண்டேன்.

ஐயர் கையைத் தூக்கினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

அண்ணை பெட்டியை முழு நீளத்துக்கு இழுத்து எல்லாக் கட்டைகளையும் ஒன்றாக அழுத்தினார். கிடாரம் இடியென்று முழங்கியது. தாலி ஏறியது. மாப்பிள்ளை திடுக்கிட்டு மூன்றாம் முடிச்சை விட்டுவிட்டு மறுபடி போட்டார்.

சாப்பாட்டுப் பந்தியின்போதுதான் மேளக்காரர் வந்து சேர்ந்தார்கள். வேர்த்து விறுவிறுத்து, வெட்கத்தோடு நின்றார்கள். தவில்காரர் கிடாரத்தைப் பார்த்தார், கிட்டார்காரனைப் பார்த்தார். "ஆர் தம்பி இதில அடிச்சது? பரவாயில்லையே" என்று சொல்லித் தவிலை இறக்கினார். அன்று பின்னேரம் பாயாசம் ஆறும்வரை அவர்கள் வாசித்தார்கள். நாதஸ்வரமும் அக்கார்டியனும் ஒன்றையொன்று துரத்தின. மண்டபக்காரர் சாவிக்கொத்தோடு வந்து, பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்.

பாடகியும் கிட்டார்காரனும் மறுபடி சேர்ந்து வாழவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறே அவன் ஒத்திகைக்கு வந்தான். அவள் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, "மூட்டையில சப்பாத்துக் காலை வைக்காதே" என்றாள். அவ்வளவுதான் சமாதானப் பேச்சு. கம்பனியும் இல்லை, கீபோர்டும் இல்லை. பாட்டுகள் பாதி அவளுடைய பாஷையில், பாதி ஆங்கிலத்தில். ஒரு பாட்டில் இரண்டு வரி தமிழிலும் வந்துவிட்டது. தவில்காரருக்கு வேறு கச்சேரி இல்லாத நாட்களில் அவரும் வந்தார். பெரிய மண்டபங்களில் எங்களை யாரும் கூப்பிடவில்லை. நூலகத்திலும் பள்ளிக்கூட மண்டபத்திலும் கோடைகாலப் பூங்காக்களிலும் கூப்பிட்டார்கள். போனோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடைப் பின்னேரம், பூங்காவில் வாசித்து முடித்துவிட்டு வேனுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒருவர் வந்து, "நீங்கள் எந்த ஊர்ப் பாண்ட்?" என்று அண்ணையிடம் கேட்டார். அண்ணை எங்களை ஒருதரம் பார்த்தார். முகம் சிவக்கவில்லை.

"ஸ்கொட்லாந்து" என்றார். பிறகு என்னைக் காட்டினார். "இவ எங்கட சொந்தக்காரி."